கட்டற்ற கருவியும் கட்டுப்பட்ட புத்தியும்

நமது நாட்டில் எந்த ஒரு காரியத்தையும் சாதாரண ஜனங்கள் தாங்களே செய்துகொள்ளத்தக்க மார்க்கம் ஒன்று ஏற்பட்டுவிட்டால், உடனே அதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "இது மட்டமான சரக்கு, இதில் தெய்வீகம் கிடையாது" என்று சொல்லுவதற்கு ஒரு கூட்டம் எப்பொழுதும் தயாராக இருக்கின்றது. ரயில் வந்த காலத்தில் எல்லா ஜாதியாரும் ஒரே பலகையில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டும் வாங்கினார்கள். இப்பொழுது அந்த முணுமுணுப்பு சங்கீதத்தின் பக்கம் திரும்பியிருக்கின்றது. வீட்டிலிருந்தபடியே ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரைக் கொண்டு பாட்டைப் பதிவு செய்யவும், மெட்டுக் கட்டவும், தாளம் சேர்க்கவும் காசில்லாமல் கிடைக்கக்கூடிய சாப்ட்வேர்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றைப் பற்றிக் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துத் தோழர்களிடத்தில் நாம் பேசும்போதெல்லாம் இரண்டு விதமான பதிலே கிடைக்கின்றது. ஒன்று, "அதெல்லாம் ஒரு சங்கீதமாகுமா?" மற்றொன்று, "அதற்கெல்லாம் நமக்கு ஞானம் ஏது?" முதல் பதில் திமிரினால் வருவது. இரண்டாவது, அந்தத் திமிரை நாம் நிஜமென்று நம்பிவிட்டதனால் வருவது. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே வைத்து விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

சங்கீதம் என்பது தொண்டையிலும், தோலிலும், கம்பியிலும், துளையிலும் உண்டாகிற சத்தமேயொழிய ஆகாயத்திலிருந்து இறங்குவதல்ல. காற்று அசைகிறது, அந்த அசைவு விநாடிக்கு இத்தனை தடவை என்றால் இன்ன சுரமென்று காது கண்டுகொள்ளுகிறது. இதில் தேவனுக்கும் தேவிக்கும் ஒரு வேலையுமில்லை. நமது நாட்டிலோ இதற்கு "நாதப்பிரம்மம்" என்று பெயர் வைத்து, ஒரு தேவியை உட்கார வைத்து, அவள் கையில் ஒரு வீணையையும் கொடுத்து, அந்த வீணைக்குப் பக்கத்தில் யார் யார் வரலாம், யார் யார் வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும் என்று சட்டமும் செய்துவிட்டார்கள். பாடுகிறவன் ஒரு ஜாதி, ஊதுகிறவன் ஒரு ஜாதி, சாவுக்கு அடிக்கிறவன் ஒரு ஜாதி. மாட்டுத்தோல் மிருதங்கமானால் மடியில் ஏறுகிறது. அதே தோல் பறையானால் தெருவில் நிற்கிறது. இந்த மிருதங்கத்தைக் கட்டிக் கொடுக்கிற தொழிலாளிகளைப் பற்றி 2020ம் வருஷத்தில் டி.எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டபோது, வெளியீட்டுக் கூட்டத்திற்குக் கொடுப்பதாயிருந்த இடத்தைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலைத் தட்டலாம், அது எங்கிருந்து வந்ததென்று மாத்திரம் பேசக்கூடாது போலும்!

தமிழ் நாட்டில் தமிழில் பாடுவதற்கே மாநாடு கூட்டிச் சண்டை போட வேண்டியிருந்தது என்பது இன்றைய வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1941ம் வருஷத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் கிளர்ச்சி தொடங்கி, 1943ம் வருஷத்தில் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. அதுவரையில் தமிழ்ப் பாட்டு என்றால் கச்சேரி முடிகிற சமயத்தில் ஜனங்கள் செருப்பைத் தேடும்போது பாடுகிற துக்கடாவாகத்தான் இருந்தது. சரி, பார்ப்பனரை மாத்திரம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? கானாடுகாத்தான் கலியாண ஊர்வலத்தில் நாதசுரக்காரர் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடாது என்று தடுத்தவர்கள் யார்? பார்ப்பனரல்லாத பணக்காரர்களே. "துண்டை எடுக்காதே, வாசி" என்று பட்டுக்கோட்டை அழகிரி சொல்லும்படியாக ஆயிற்று. வாசிக்கிற வாசிப்பு வேண்டும், வாசிக்கிறவன் மனிதனாக மாத்திரம் இருக்கக்கூடாது என்பதுதான் நமது சங்கீத ரசனையின் யோக்கியதை.

இந்தக் கூட்டம் கருவிகளையும் சும்மா விடவில்லை. ஆர்மோனியம் என்னும் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை மலிவு, ஒரு மாதத்தில் ஒருவன் ஏதோ பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளலாம். ஆகவே நாடகக்காரரும், கூத்துக்காரரும், பஜனைக்காரரும், நமது பிரசாரகர்களுங்கூட அதைத் தூக்கிக்கொண்டார்கள். உடனே, "இதில் கமகம் வராது, இது இந்திய சங்கீதத்துக்கு உதவாது" என்று பெரிய மனுஷர்கள் கூச்சலிட்டார்கள். அகில இந்திய ரேடியோ 1940ம் வருஷம் மார்ச்சு மாதத்திலிருந்து ஆர்மோனியத்தை வெளியேற்றிவிட்டது. 1971ம் வருஷத்தில்தான் அந்தத் தடை தளர்ந்தது, அதுவும் அரைகுறையாகத்தான். ஏறக்குறைய 31 வருஷம்! அந்த 31 வருஷமும் திருக்கோவிலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தில் பெட்டிக்காரர் தமது பெட்டியை வாசித்துக்கொண்டே இருந்தார். விடிய விடிய ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரேடியோவின் தீட்டு கூத்து மேடை வரையில் எட்டவில்லை. இன்று கம்ப்யூட்டரைப் பார்த்து, "இதில் ஜீவன் இல்லை" என்று சொல்லுகிறவர்கள் பேசுவது அன்று ஆர்மோனியத்தைப் பற்றிப் பேசிய அதே பேச்சேயாகும். ஆட்சேபணையைக்கூடப் புதிதாகக் கண்டுபிடிக்க இவர்களுக்குச் சக்தியில்லை.

நிற்க, கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும், "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று மனிதர்கள் எழுதி வைத்த கட்டளைகள் இருக்கின்றன. அவற்றிற்கு மூல நிரல் என்று பெயர். பெரிய கம்பெனிகள் அந்த மூலத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து கிடைக்கிற காரியத்தை மாத்திரம் விலைக்கு விற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக்கூடாது, மாற்றக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கக்கூடாது. 1983ம் வருஷத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், இது அக்கிரமம் என்று சொல்லிக் குனு என்னும் திட்டத்தைத் தொடங்கினார். எந்தக் காரியத்துக்கும் உபயோகிக்கலாம், உள்ளே பிரித்துப் படித்து மாற்றலாம், பிரதி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்கிற நான்கு உரிமைகளை அவர் வற்புறுத்தினார். இந்த உரிமைகள் அழிந்துபோகாமலிருக்க 1989ல் ஒரு பொது உரிமப் பத்திரத்தையும் வெளியிட்டார்.

சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றவேண்டும் என்கிறது கௌதம தர்ம சூத்திரம். அதாவது கேட்கக்கூடாது, படிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, பிறருக்குச் சொல்லக்கூடாது. மேலே சொன்ன நான்கு உரிமைகளையும் இந்த நான்கு தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நமது கட்சிக்கு இந்த விஷயம் ஏன் சம்பந்தப்பட்டது என்பது விளங்கும். ஒருவன் எழுதியதை எல்லோரும் படித்து, குற்றம் கண்டுபிடித்து, திருத்தி, திருத்தியதையும் பொதுவில் வைப்பது என்பது வேதத்துக்கு நேர் விரோதமான காரியம். "அபௌருஷேயம்" என்று இதில் ஒருவரும் கதைவிட முடியாது. எந்த வரியை எந்தத் தேதியில் எந்த மனிதன் எழுதினான் என்பது பெரும்பாலும் பதிவிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் நமது தோழர்கள் பலர் ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். தானம் வேறு, உரிமை வேறு என்று நாம் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். கேக்வாக் என்று ஒரு சங்கீத சாப்ட்வேர் இருந்தது. 2016ம் வருஷத்தில், "ஒரு தடவை காசு கொடுத்துவிடு, வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துக் கொடுக்கிறோம்" என்று விற்றார்கள். 2017ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அதன் சொந்தக்காரரான கிப்சன் கம்பெனி அந்த வேலையையே நிறுத்திவிட்டது. வாழ்நாள் என்றது வாங்கினவன் வாழ்நாளையா, கடைக்காரன் வாழ்நாளையா என்று பத்திரத்தில் எழுதவில்லை போலிருக்கிறது! 2018ல் வேறொரு கம்பெனி அதை வாங்கிச் சும்மா கொடுத்தது. சும்மாதான் கொடுத்தது; ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. பிறகு அதையும் நிறுத்திவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதற்கு எதிரிடையாக ஆடாசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கி 2000ம் வருஷத்தில் வெளிவந்தது. 2021ல் மியூஸ் குரூப் என்னும் கம்பெனி அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு, உபயோகிக்கிறவர்களைப் பற்றிய தகவல்களைச் சேகரிக்க ஏற்பாடு செய்யப்போவதாகச் சொன்னவுடனே உலகமெங்கும் ஆட்சேபணை கிளம்பிற்று, கம்பெனி பின்வாங்கிற்று. அதோடும் திருப்தியடையாத சிலர் மூல நிரலைப் பிரதி எடுத்து வேறு பெயரில் தனியாகவே நடத்தத் தொடங்கினார்கள். ஒருவரும் தடுக்க முடியவில்லை. பூசாரி பிடிக்கவில்லையென்றால் கோயிலையே பெயர்த்துக்கொண்டு போகத்தக்க உரிமை இதுதான். (கோயிலை உதாரணம் சொன்னதற்காகத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

திருட்டுப் பிரதி எடுத்து உபயோகிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினாயிரக்கணக்கில் விலையுள்ள சாப்ட்வேரைப் பூட்டை உடைத்து வைத்துக்கொண்டு அதைச் சாமர்த்தியமென்று நினைக்கிறார்கள். பூட்டை உடைத்துக் கொடுத்தவன் கூடவே என்ன வைரஸைப் போட்டுக் கொடுத்தான் என்பது இவர்களுக்குத் தெரியாது. அன்றியும், நாளைக்கு ஒரு நல்ல பாட்டைச் செய்து அது நாலு ஊரில் பரவினால், எவனாவது கேள்வி கேட்பானோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும். நேர்வழியில் அதே காரியம் ஆகும்போது பின்பக்கத்து வேலியைத் தாண்டுவது எதற்காக?

இனி, கருவிகள். முதலில் பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் ஆடாசிட்டி. நமது வீடுகளில் மின்விசிறி ஓடாமல் உட்கார முடியாது. ஆகவே பாடுவதற்கு முன் ஐந்து விநாடி சும்மா இருந்து அந்த விசிறிச் சத்தத்தை மாத்திரம் பதிவு செய்துகொள்ள வேண்டியது. பிறகு இரைச்சலைக் குறைக்கும் பகுதியில், "இதுதான் இரைச்சல்" என்று அந்த ஐந்து விநாடியைக் காட்டினால், மீதிப் பாட்டிலிருந்து அதைக் கழித்துவிடும். அளவுக்கு மிஞ்சிக் கழித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகும். பல குரல்களையும் வாத்தியங்களையும் வரிசை வரிசையாக அடுக்கிப் பெரிய வேலை செய்ய ஆர்டோர். மெட்டுக் கட்டி அடுக்க எல்.எம்.எம்.எஸ்.; சுரம் எழுத மியூஸ்கோர்; தாளத்திற்கு ஹைட்ரஜன். ஆர்டோரின் மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஆனால் தயார் செய்த பிரதியை அவர்களுடைய இடத்திலிருந்து இறக்கினால் காசு கேட்பார்கள். கேட்கட்டும். உழைத்தவன் கூலி கேட்பது நமது கொள்கைக்கு விரோதமல்ல. அறிவைப் பூட்டி வைப்பதுதான் விரோதம். டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் அதே ஆர்டோர் காசில்லாமலே வருகின்றது.

பிளக்இன் என்பது என்னவென்று பலரும் கேட்கிறார்கள். தெருக்கூத்தில் மேடை ஒன்று. அதில் பெட்டிக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் வந்து பின்னால் உட்காருகிறார்கள் அல்லவா? அதுபோல மேலே சொன்ன சாப்ட்வேர் மேடை. பிளக்இன்கள் அதில் வந்து உட்காருகிற ஆட்கள். ஒன்று வாத்தியமாகச் சத்தம் கொடுக்கும். ஒன்று குரலைச் சமப்படுத்தும். ஒன்று எதிரொலி கொடுக்கும். 1996ல் ஜெர்மனியில் ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி இதற்கென்று வி.எஸ்.டி. என்ற முறையை வகுத்தது. கட்டற்ற உலகத்தார் லாட்ஸ்பா, எல்.வி.2 என்று தங்கள் முறைகளை வகுத்துக்கொண்டார்கள். சின்ஆட்சப்எப்எக்ஸ் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு வாத்தியம் எல்.எம்.எம்.எஸ். கூடவே வருகின்றது. சர்ஜ் என்பது முன்பு விலைக்கு விற்ற சரக்கு. 2018ல் அதை எழுதியவரே மூலத்தைத் திறந்து விட்டுவிட்டார். கோயில் மண்டபத்தில் பாடினாற்போல் எதிரொலி வேண்டுமானால் டிராகன்பிளை ரிவெர்ப் என்றொரு பிளக்இன் இருக்கிறது. மண்டபத்துக்குள் நுழைய நீ என்ன ஜாதி என்று அது கேட்பதில்லை.

பறையை ஹைட்ரஜனில் ஏற்றுவது எப்படி என்று ஒரு வாலிபத் தோழர் கேட்டார். பறையை நெருப்பில் காய்ச்சித் தோல் இறுகின பிறகே பதிவு செய்ய வேண்டும். அடிக்குச்சி அடியை மெதுவாகவும், நடுத்தரமாகவும், ஓங்கியும் தனித்தனியே எடுக்க வேண்டும். சுண்டுக்குச்சி அடியையும் அவ்விதமே. மைக்கைத் தோலுக்கு முன்னால் நீட்டக்கூடாது. ஏழெட்டு அடி தள்ளி வைத்து, மானியின் முள் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் அடியின் உச்சி நறுக்கிப் போய்த் தகர டப்பா சத்தம் வரும். பிறகு ஹைட்ரஜனில் மெதுவான அடிக்கு மெதுவான பதிவும், ஓங்கிய அடிக்கு ஓங்கிய பதிவும் ஒலிக்கும்படி அடுக்கடுக்காக வைக்கலாம். கீபோர்டில் தட்டினால் சத்தம் தாமதித்து வருகிறதென்று சிலர் வெறுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒரு விநாடிச் சத்தத்தை 48,000 துண்டாக்கிக் கணக்குச் செய்கிறது. 1,024 துண்டு சேரும் வரை காத்திருக்கச் சொன்னால் 21 மில்லி விநாடி தாமதம். 256 என்று குறைத்தால் 5 மில்லி விநாடி. ரொம்பவும் குறைத்தால் பழைய கம்ப்யூட்டர் திணறிப் படபடவென்று வெடிக்கும். சனி பார்வையென்று ஜோசியரிடம் போகாமல் எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

சாஸ்திரக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் இருக்கின்றது. ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்று சாரங்கதேவர் முதலானவர்கள் எழுதி வைத்ததைக் கிளிப்பிள்ளை போல் ஒப்பித்து வந்தார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர், ஒரு வைத்தியர், அது கணக்குக்கு ஒத்துவரவில்லையென்றும், 24 என்பதே சரியென்றும் 1916ம் வருஷம் பரோடா மாநாட்டில் வாதாடினார்; 1917ல் கருணாமிர்த சாகரம் என்று பெரிய புத்தகமும் வெளியிட்டார். இந்த வழக்கை இனி நாமே விசாரிக்கலாம். சட்ஜம் விநாடிக்கு 240 அசைவு என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மடங்கான சுத்த பஞ்சமம் 360. ஸ்தாயியை 12 சமபாகமாக்கிய கீபோர்டில் அது ஏறக்குறைய 359.6, காதுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஆனால் அந்தர காந்தாரம், ஒன்றேகால் மடங்கானால் 300, கீபோர்டில் 302.4. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அலையடிப்பது சாதாரணக் காதுக்கே கேட்கும். சர்ஜ் என்னும் அந்த வாத்தியத்திற்கு இந்த விகிதங்களை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் அப்படியே ஒலித்துக் காட்டும். 22ஐயும் எழுதுங்கள், 24ஐயும் எழுதுங்கள், கேட்டுப் பாருங்கள். பண்டிதர் சொன்னதெல்லாம் சரியென்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ரிஷி சொன்னார் என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிய காலம் போய்விட்டது என்பதுதான் நமது கட்சி. பண்டிதருக்கும் அதே நியாயந்தான்.

இப்பொழுது ஒரு நியாயமான ஆட்சேபணைக்கு வருவோம். "பறையைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் பறை அடிக்கிறவன் வயிற்றில் அடிப்பதாகாதா?" என்று ஒரு தோழர் கேட்டார். இது வித்துவான்களின் கேள்வி போன்றதல்ல. வயிற்றைப் பற்றிய கேள்வி. ஊரில் மேல்ஜாதிக்காரன் செத்தால் இன்ன தெருக்காரன் வந்து அடித்தே தீரவேண்டும் என்கிற கட்டாயம் எங்கெங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த வேலை ஒழிய வேண்டியதுதான். அந்தப் பிணத்துக்கு யந்திரம் அடிக்கட்டும். அல்லது சத்தமில்லாமலே போகட்டும். ஆனால் பறையைக் கலையென்று அழைக்கிற இடத்தில், மேடையில், மாநாட்டில், நமது கலியாணத்தில், ஆளைத்தான் கூப்பிட வேண்டும். வண்டிச் சத்தமும் சாப்பாடும் போகக் கையில் கூலி கொடுக்க வேண்டும். பதிவு செய்கிறபோதும் அப்படியே. அடித்துக் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். அவர் பெயர் அந்தப் பதிவோடு ஒட்டியிருக்க வேண்டும். பெயரைச் சொல்லாமல் எடுத்தாளக்கூடாது என்று நிபந்தனை போட்டே பொதுவில் விட கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. பார்சலோனாவிலிருந்து நடக்கும் பிரீசவுண்ட் என்னும் ஒலிக் களஞ்சியத்தில் 2005 முதல் உலகத்துச் சத்தங்களெல்லாம் அவ்விதமே சேர்ந்து வருகின்றன. நாம் பதிவு செய்யாவிட்டால் பதிவாகாமல் இருந்துவிடப் போகிறதா? எவனோ ஒருவன் பதிவு செய்து, "தென்னிந்தியத் தோல்வாத்தியத் தொகுதி" என்று பெயர் வைத்து, விலைபோட்டு, நமக்கே விற்பான்.

கல்வராயன் மலைக்காரரைப் பற்றி இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷார் போய் 29 வருஷமான பிறகு, 1976ம் வருஷம் வரையில், அந்த மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்து வந்தது. 2024ல்கூட அந்த ஜனங்களின் ரோட்டையும், ஆஸ்பத்திரியையும், பள்ளிக்கூடத்தையும் பற்றிச் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. மலையில் பொறுக்கின கடுக்காயும் உலுக்கின புளியும் கீழே இறங்க இறங்க விலையேறி, அந்த ஏற்றம் யாருக்கோ போவது போலத்தான் அவர்களுடைய பாட்டும் போகும். வெளியூரிலிருந்து ஒருவர் நல்ல எண்ணத்தோடேயே மைக்கைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலைக்கும் சேராப்பட்டுக்கும் வந்து பதிவு செய்துகொண்டு போகலாம். பாடின பாட்டி அதை மறுபடி கேட்கப் போவதில்லை. அந்தப் பாட்டியின் பேரன் கையிலேயே கருவி இருக்கட்டுமே! மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கம்பெனியைக் கேட்டு அனுமதி வாங்கித் திறக்கிற வாடகை சாப்ட்வேர் அங்கே முரண்டு பிடிக்கும். கட்டற்ற சாப்ட்வேரை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் போதும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம். அது குற்றமல்ல, அதுதான் அதன் சட்டம். "பாட்டை எழுதி மெட்டும் போட்டு யந்திரமே கொடுத்துவிடுகிறதே" என்று இப்பொழுது வந்திருக்கிற செயற்கை அறிவுக் கம்பெனிகளைக் காட்டுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். அந்த யந்திரம் இருப்பது அவர்கள் வீட்டில். நாம் வாசலில் நின்று கேட்டு வாங்குகிறோம்.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2011ம் வருஷம் முதல் தமிழ் நாட்டுச் சர்க்கார் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. அவற்றில் பலவற்றில், விண்டோஸ் கூடவே, டெபியனை அடிப்படையாகக் கொண்டு சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள்? சினிமாப் பார்த்துவிட்டுப் பரண் மேல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பழைய லேப்டாப்பே ஆடாசிட்டிக்கும் ஹைட்ரஜனுக்கும் போதும். கற்றுக்கொள்ள ஆள் இல்லையென்றும் சொல்ல முடியாது. 2019 வரையில் நாம் சேர்ந்திருந்த விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். கணியம் என்னும் வெளியீடு 2012 முதல் தமிழிலேயே இவற்றைப் பற்றி எழுதி வருகின்றது. கேரளத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கம்ப்யூட்டர் பாடம் நடக்கின்றது.

1930ம் வருஷம் ஈரோட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டோடு சங்கீத மாநாடும் நடத்தினவர்கள் நமது முன்னோடிகள். அவர்களுடைய வாரிசுகளென்று சொல்லிக்கொள்ளுகிற நம்முடைய கலியாணங்களில் ஒலிபெருக்கியில் என்ன பாடுகிறது? தாலியில்லை, ஐயரில்லை, மந்திரமில்லை. ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரர் வந்தவுடனே முதலில் பிள்ளையார் பாட்டைப் போடுகிறார். நிறுத்தச் சொன்னால், "வேறே உங்கள் பாட்டு இருந்தால் கொடுங்கள்" என்கிறார். அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆடி மாதம் பிறந்தால் ஒவ்வொரு தெருவிலும் புதுப் புது அம்மன் பாட்டு. நம்மிடத்திலோ பாட்டன் காலத்து நாலைந்து பாட்டு. கேட்டால் ஸ்டுடியோவுக்குப் பணமில்லை என்கிறோம்.

2024ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கி உயிரை வாங்குகிறது என்பது ரசாயனம். இதைத் தலையெழுத்து என்றும், அம்மன் கோபம் என்றும் சொல்லி அழுகிற ஜனங்களிடத்தில், அந்த ரசாயனத்தையும், விற்றவன் யார், விற்கவிட்டவன் யார் என்பதையும் உடுக்கையும் பம்பையும் வைத்துப் பாட்டாகச் சொல்லி, அந்த வாரத்திலேயே ஒவ்வொரு செல்போனுக்கும் அனுப்பியிருக்க வேண்டாமா? துண்டுப் பிரசுரத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் பாட்டைக் கேட்பார்கள். ஒரு பழைய லேப்டாப்பும், ஒரு மைக்கும், இரண்டு இரவுத் தூக்கமும் செலவழித்தால் ஆகியிருக்கக்கூடிய காரியம் அது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சில தோழர்கள் உற்சாகத்தோடு கருவியை நிறுவிக்கொள்ளுவார்கள். ஆயுத பூஜை வந்தவுடனே அந்தக் கம்ப்யூட்டருக்கே பொட்டு வைத்து, பொரியும் கடலையும் படைத்து, அன்றைக்கு அதைத் தொடக்கூடாது என்று மூடியும் வைப்பார்கள். பல ஸ்டுடியோக்களில் மைக்குக்கு முன்னால் ஊதுபத்தி காட்டி, ராகுகாலம் பார்த்துத்தான் முதல் பதிவு நடக்கிறதென்று கேள்வி. சரஸ்வதி ஆடாசிட்டியில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தச் சாப்ட்வேருக்குள்ளேயே இருக்கிறது. வேண்டுமானால் திறந்து தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பூஜைக்காக விடுகிற அந்த லீவு நாளிலேயே தெருவிலுள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதல் பாட்டைப் பதிவு செய்யலாம். அன்றைக்கு ஊரெல்லாம் ஒலிபெருக்கி அலறுமே என்றால், விடியற்காலம் நாலு மணிக்கு உட்காரவேண்டியதுதான்.

ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ்., ஹைட்ரஜன், ஆர்டோர், மேலே சொன்ன பிளக்இன்கள், இவற்றோடு லினக்ஸ் ஒன்றும் சேர்த்து நம்மிடத்தில் பிரதி இருக்கின்றது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று கொண்டு வருகிறவர்களுக்குக் கூலி வாங்காமல் போட்டுக் கொடுக்கிறோம். சந்தாதாரராக இருக்க வேண்டுமென்பதில்லை. கட்சிக்காரராக இருக்க வேண்டுமென்பதுமில்லை. பென்டிரைவில் ஏற்கெனவே அம்மன் பாட்டு இருந்தால் அதை நாம் அழிக்க மாட்டோம். இடம் போதாவிட்டால் எதை அழிப்பது என்பதைக் கொண்டு வருகிறவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியது.